மாட்டுக் கால், குதிரைக் கால்

பொய்கைச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்த்த கையோடு, "கொஞ்சம் நடத்திக் காட்டுப்பா" என்பார். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிச் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தை அது. தரகர் கயிற்றைப் பிடித்து நாலு எட்டு நடத்துவார். மாடு எந்தக் காலை அழுத்தி ஊன்றுகிறது, எதைத் தாங்கி வைக்கிறது, முதுகு நேராக இருக்கிறதா, வில்லாக வளைகிறதா என்பதெல்லாம் அந்த நாலு எட்டில் தெரிந்துவிடும். அதற்கேற்ப விலை இறங்கும்.

மாட்டின் காலைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் பாலாற்றங்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. குதிரையின் காலைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் அற்றுப்போய்விட்டது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் குதிரை நொண்டினாலும் சரி, தோட்டத்து வீட்டில் ஆசைக்குக் கட்டியிருக்கும் சவாரிக் குதிரை நொண்டினாலும் சரி, கூப்பிடுவது மாட்டுக்கு லாடம் கட்டுபவரைத்தான். அவர் தன் தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் அந்தக் கால் வேறு, இந்தக் கால் வேறு. வயதான சவாரிக் குதிரைகளுக்கு நோய் பாதிக் கெடுதல் செய்தால், மாட்டு வைத்தியத்தை அப்படியே அவற்றின்மேல் ஏற்றுவது மீதிக் கெடுதலைச் செய்கிறது என்பது என் கருத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த மறதியில் ஆச்சரியமில்லை. 2019-இன் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாடுகள், எருமை நீங்கலாக, 19 கோடிக்கு மேல். குதிரையும் மட்டக்குதிரையும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம்தான். 2012-இல் 6.25 லட்சமாக இருந்தவை ஏழே ஆண்டில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டன. இத்தனைக்கும் இந்த ஊர்களுக்குக் குதிரை புதிதல்ல. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதை அடக்க பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லஸ்பி கூட்டி வந்தது ஆற்காட்டில் நிலைகொண்டிருந்த 19-ஆம் டிராகூன் குதிரைப்படையை. குதிரைப்படை இருக்கும் இடத்தில் லாடப் பட்டறையும் இருக்கும். உருது பேசும் வீடுகளில் குதிரைக்கு லாடம் அடிப்பவரை நால்பந்த் என்பார்கள். பின்னால் ரயிலடிகளில் ஜட்கா நின்றது. அதே தெருக்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பச்சைத்தோலும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் டேனரிகளுக்குப் போயின. வண்டிகள் போய் லாரி வந்தது, ஜட்கா போய் ஆட்டோ வந்தது. மாடு உழவிலும் பாலிலும் தங்கிவிட்டதால் அதன் வைத்தியமும் தங்கியது. நால்பந்த் போனதோடு குதிரைக் கால் பற்றிய அறிவும் போய்விட்டது.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். குதிரை நிற்பது ஒரே விரலில்; நம் நடுவிரலுக்கு ஈடான மூன்றாவது விரல் அது. மாடு நிற்பது மூன்றாவதும் நான்காவதுமான இரண்டு விரல்களில். இதை வெறும் உருவ வேற்றுமை என்று நினைத்துவிடக் கூடாது. மாட்டுக்கு ஒரு குளம்பில் புண் வந்தால் மருத்துவர் பக்கத்துக் குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டிவிடுகிறார். எடை முழுவதும் நல்ல குளம்புக்கு மாறும். நோவுள்ள குளம்பு தரையைத் தொடாமல் அந்தரத்தில் ஆறும். புண் எலும்புவரை போய்விட்டால் அந்த ஒரு விரலையே வெட்டி எடுத்துவிடலாம். மாடு மிச்சமிருக்கும் விரலில் நடந்து, பாலும் கறக்கும். குதிரைக்கு இப்படி மாற்று விரல் எதுவும் கிடையாது. அந்த ஒன்று போனால் கால் போயிற்று.

உள்ளே எடை நிற்கும் விதமும் வேறு. குதிரையின் எடை உள்ளங்காலின்மேல் உட்கார்ந்திருக்கவில்லை. குளம்புச் சுவரிலிருந்து தொங்குகிறது. குளம்புக்குள் இருக்கும் கடைசி எலும்புக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் இன்னும் நுண்ணிய மடிப்புகள் நூற்றுக்கு மேல் உண்டு. கை விரல்களை இறுகக் கோத்துப் பிடித்த பிடி மாதிரி அது. மாட்டிலும் மடிப்பு உண்டு, ஆனால் இரண்டாம் அடுக்கு நுண்மடிப்புகள் இல்லை. அதனால் அங்கே சுவரின் பிடி குறைவு. எலும்புக்குக் கீழே உள்ள கொழுப்பு மெத்தை எடையின் பெரும்பங்கைத் தாங்குகிறது. மெத்தை தேய்ந்தால் எலும்பு உள்ளங்காலை உள்ளிருந்து அழுத்தி, குதிப்பக்கமாகப் புண் வரும். மாட்டில் அடிக்கடி பார்க்கும் உள்ளங்கால் புண் இதுதான். குதிரையில் நடப்பது இதைவிடக் கொடியது. மடிப்புகளில் அழற்சி வந்து பிடி விட்டால், தொங்கிக்கொண்டிருந்த எலும்பு முன்பக்கமாகக் கவிழ்ந்து கீழிறங்கும். முற்றினால் உள்ளங்காலையே துளைத்து வெளிவரும். லாமினைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மாட்டுக்கும் அதே பெயரில் நோய் உண்டு; ஆனால் அங்கே அது பெரும்பாலும் மந்தமாக ஓடி, சில வாரம் கழித்து உள்ளங்காலில் ரத்தக் கறையாகவோ புண்ணாகவோ வெளிப்படும். பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்று என்று நினைக்கும் குழப்பம் இங்கே தொடங்குகிறது.

இன்னொன்று. மாடு ஒரு கால் முடியாமல் போனால் படுத்துக்கொள்ளும். அசைபோட்டபடி நாளில் பாதிநேரம் படுத்திருப்பது அதற்கு இயல்பு. குதிரை நின்றபடியே தூங்கும் பிராணி. நாளெல்லாம் படுத்திருக்க அதன் உடல் ஒத்துழைக்காது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் காலில் வாரக்கணக்கில் நின்றால், எடை தாங்கும் அந்த நல்ல காலிலேயே லாமினைட்டிஸ் வந்துவிடும். அமெரிக்காவில் 2006 மே மாதம் பந்தயத்தில் கால் உடைந்த பார்பரோ என்ற புகழ்பெற்ற குதிரை, உடைந்த எலும்பு கூடிவந்த பிறகும், பிற கால்களுக்கு வந்த லாமினைட்டிஸால் 2007 ஜனவரியில் கருணைக்கொலைக்கு ஆளானது. நம் நாட்டில் 2016-இல் டேராடூன் போராட்டத்தில் பின்னங்கால் உடைந்த காவல்துறைக் குதிரை சக்திமானுக்குக் காலை எடுத்துச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஒரு மாதம் கடந்து ஏப்ரல் 20-இல் இறந்தது. மூன்று காலில் காலம் தள்ளும் மாட்டைக் கிராமத்தில் பார்த்திருக்கலாம். மூன்று காலில் காலம் தள்ளும் குதிரை அபூர்வத்திலும் அபூர்வம். ஆகவே குதிரையின் நொண்டல் விஷயத்தில் "ஒரு வாரம் பார்ப்போம்" என்பதற்கு இடமே இல்லை.

நொண்டலைக் கண்டுபிடிப்பதிலும் மாட்டுக் கண் குதிரையிடம் ஏமாறும். மாட்டுக்கு நோவு பெரும்பாலும் பின்னங்காலில், அதிலும் வெளிப்பக்கக் குளம்பில் வரும். நடக்கும்போது முதுகு வளையும். சந்தையில் தேடுவது அந்த வளைவைத்தான். குதிரைக்குப் பாதிக்கு மேல் எடை, சுமார் 60 விழுக்காடு, முன்னங்கால்களில் இறங்குகிறது. நோவும் பெரும்பாலும் முன்னங்காலில்தான். அதைக் காட்டிக்கொடுப்பது தலை. கெட்டியான தரையில் மெதுவோட்டமாக ஓடவிட்டால், நோவுள்ள முன்னங்கால் தரையைத் தொடும் கணத்தில் தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். தலை தாழும் பக்கம்தான் நோவு என்று எண்ணி, நல்ல காலுக்குக் கட்டுப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டு முன்னங்காலும் ஒருசேர நொந்தால் தலை ஆடவே ஆடாது. அப்போது குதிரை நொண்டுவதாகவே தெரியாது. எட்டு மட்டும் சுருங்கிவிடும். "வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிடுச்சு" என்பார்கள். குளம்புக்குச் சற்று மேலே, கணுவின் பின்பக்கம் இருபுறமும் விரல் வைத்துப் பார்த்தால் நாடி தெரியும். நல்ல குதிரையில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் தொட்டவுடன் திம்திம்மென்று அடிக்கும். புறங்கையைக் குளம்பில் வைத்தால் சூடும் தெரியும். குதிரை வளர்ப்பவர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே பரிசோதனையைச் சொல்லச் சொன்னால், நான் இந்த நாடி பார்ப்பதைத்தான் சொல்வேன். காசு செலவில்லை, நிமிடத்தில் முடியும்.

பதினைந்து வயது தாண்டிய சவாரிக் குதிரைக்கு வரும் கால் நோவுகளில் மூன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது லாமினைட்டிஸ். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னே சாய்த்து, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து நிற்கும். திரும்பச் சொன்னால் திரும்பாது. இரண்டாவது, நேவிகுலர் என்று சொல்லப்படும் குதிப்பக்க நோவு. குளம்பின் பின்பாதிக்குள் படகு வடிவில் இருக்கும் சின்ன எலும்பும் அதன்மேல் உருளும் தசைநாணும் தேய்ந்து வருவது. இதில் குதிரை குதியை ஊன்றப் பயந்து முன்நுனியில் அடி வைக்கும், கல்லில் தடுக்கும். மூன்றாவது மூட்டுத் தேய்மானம். காலையில் கொட்டிலிலிருந்து வெளிவரும்போது விறைப்பாக இருந்து, பத்து நிமிடம் நடந்ததும் இளகும்.

மருத்துவம் ஒன்றுக்கொன்று நேர்மாறு. மூட்டுத் தேய்மானத்துக்கு நடை நல்லது. தினமும் மெதுவாக, மெத்தென்ற தரையில் நடத்தினால் மூட்டு இறுகாது. லாமினைட்டிஸுக்கு நடை விஷம். ஒவ்வொரு எட்டும் கிழிந்துகொண்டிருக்கும் மடிப்புகளை இன்னும் கிழிக்கும். அந்தக் குதிரையை ஆழமாக மரத்தூளோ மணலோ பரப்பி நிற்கவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் குளம்பை ஐஸ் தண்ணீரில் வைத்திருப்பது அழற்சியை அடக்கும். மாட்டு வண்டி ஓட்டியவர்கள் "நடந்தா சரியாப் போயிடும்" என்று சொல்வது தசைப்பிடிப்புக்கு வேண்டுமானால் பொருந்தும். நெடுஞ்சாலைத் தாரில் லாமினைட்டிஸ் குதிரையை நடத்துவது அதைக் கொல்வதற்குச் சமம்.

இனி லாடம். மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைச் சுற்றி இழுத்து மாட்டைச் சாய்ப்பார்கள். நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, கோலை முட்டுக் கொடுத்து, ஒருவர் தலையை அமுக்கிக்கொள்வார். குளம்பைச் சீவி, பிறை வடிவத் தகடுகளைக் காலுக்கு இரண்டாக வைத்து ஆணி அடிப்பார்கள். மாட்டுக் குளம்பின் சுவர் மெல்லியது. ஆணியை வெளி விளிம்பில் மட்டும்தான் இறக்க முடியும். வண்டி மாட்டுக்கு அது தாரில் தேயாமல் இருக்க ஒரு தகடு, அவ்வளவே.

குதிரையைச் சாய்ப்பதில்லை. அது நிற்கும், லாடக்காரர் குனிந்து முன்னங்காலைத் தன் இரு தொடைக்கு நடுவில் வாங்கிக்கொள்வார். முதலில் பழைய ஆணி முனைகளை நிமிர்த்தி, குறட்டால் லாடத்தைக் குதிப்பக்கமிருந்து நெம்பி எடுப்பார். வளைந்த கத்தியால் செத்த தோலைச் சீவுவார். நடுவில் ஆப்பு வடிவில் ரப்பர் போன்ற மெத்தை ஒன்று தெரியும். மருத்துவர்கள் அதை ஃப்ராக் என்பார்கள். அதன் இருபுறப் பள்ளத்தில் கொக்கியை விட்டுக் கிளறினால், பராமரிப்பில்லாத குதிரையில் கன்னங்கரேலென்று ஈரமாக ஏதோ வரும். நாற்றம் குடலைப் புரட்டும். த்ரஷ் என்னும் அழுகல் அது. வயதான குதிரை நின்று பொறுமையாகக் காலைக் கொடுப்பதும் சுலபமில்லை. மூட்டு வலியுள்ள கிழக் குதிரை காலை உயரத் தூக்கினால் துடிக்கும். லாடக்காரர் "முரட்டுக் குதிரை" என்று அடிப்பார். காலைத் தாழ்வாகப் பிடித்து, இரண்டு நிமிடத்துக்கொரு தரம் கீழே விட்டு வேலை செய்தால் அதே குதிரை அமைதியாக நிற்கும்.

இந்த லாடத்தில்தான் வைத்தியமே இருக்கிறது. குளம்பு மாதத்துக்கு ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வளரும். முன்நுனி முழுதாகப் புதிதாக வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். சீவாமல் விட்டால் முன்நுனி நீண்டு, குதி தாழ்ந்துபோகும். ஒன்பதாம் நம்பர் காலில் பதினோராம் நம்பர் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடச் சொன்னால் என்ன ஆகும் என்பது ஷூ தைக்கும் ஆம்பூர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு எட்டிலும் அந்த நீண்ட நுனியைத் தாண்டிக் காலை எடுக்க, பின்பக்கத் தசைநாண் கூடுதலாக இழுபடுகிறது. நேவிகுலர் நோவுக்கு அது எண்ணெய் வார்க்கிறது. லாமினைட்டிஸ் குதிரையில் அதே நீண்ட நுனி சுவரை எலும்பிலிருந்து பிரிக்கும் நெம்புகோலாகிவிடும். எனவே ஐந்து ஆறு வாரத்துக்கொரு முறை நுனியைக் குறைக்க வேண்டும். நேவிகுலர் குதிரைக்கு லாடத்தின் முன்முனையை உருட்டிவிட்டு, குதியைச் சற்று உயர்த்தலாம். லாமினைட்டிஸ் குதிரைக்கு எடை சுவரிலிருந்து இறங்கி நடு மெத்தையில் பரவும்படி குறுக்குப் பட்டை வைத்த லாடமோ மெத்தைத் தகடோ வைக்கலாம். எந்தக் கோணத்தில் சீவுவது என்பதை எக்ஸ்ரே பார்க்காமல் சொல்ல முடியாது. பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்தால் எலும்பு எவ்வளவு கவிழ்ந்திருக்கிறது என்று தெரியும். சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பெரிய விலங்குகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் லாமினைட்டிஸ் முற்றிய குதிரையை வேனில் ஏற்றி வேலூரிலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுபோவது தானே ஒரு சித்திரவதை. நோவு இல்லாத காலத்தில் ஒரு முறை படமெடுத்து வைத்துக்கொள்வதே புத்தி.

கிண்டியில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகள் கைமாறிக் கைமாறி ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் வருவதுண்டு. அந்தத் தரோபிரெட் இனத்துக்குப் பொதுவாகச் சுவர் மெல்லியது, உள்ளங்கால் தட்டை. ஆணி தவறினால் உயிர்ச்சதையில் இறங்கிவிடும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்குக் குளம்பு கெட்டி. மாட்டு லாட ஆணியையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு முதல் வகைக் குதிரையிடம் போவது ஆபத்து.

தீனியில் இரண்டும் சற்றே நெருங்கி வருகின்றன. மாடு அளவுக்கு மீறி அரிசிச் சோறோ தானியமோ தின்றால் முன்வயிறு புளித்து, அந்த நஞ்சு குளம்புக்கு இறங்கும். கல்யாண வீட்டு மிச்சத்தைக் கொட்டி மாட்டைக் கெடுத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. குதிரைக்கு முன்வயிறு இல்லை. தானியம் மிஞ்சினால் பெருங்குடலில் புளிக்கும். விளைவு அதே. ஆனால் வயதான குதிரையில் இன்னொரு வழியும் இருக்கிறது. 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமாயிருந்த மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினை மட்டும் தொடர்ந்து உயர்த்தி வைத்தார்கள். அவற்றுக்கு லாமினைட்டிஸ் வந்தது. கழுத்து மேட்டில் கொழுப்பு கட்டிய குதிரைக்கும், மூளையடிச் சுரப்பி கெட்டு வெயில் காலத்திலும் உதிராத நீண்ட சுருட்டை முடியோடு திரியும் கிழக் குதிரைக்கும் இன்சுலின் இப்படித்தான் ஏறி நிற்கிறது. அந்த முடியைப் பார்த்து "கம்பளி மாதிரி அழகா இருக்கு" என்று தடவிக் கொடுப்பவர்கள் அதன் குளம்பு நாடியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊர்வலத்தில் ஆளாளுக்கு ஊட்டும் வெல்லமும் பேரீச்சையும் இந்தக் குதிரைகளுக்கு நேரடிக் கெடுதல். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி குதிரை விஷயத்தில் பாதி சரி. கொழுத்த கிழக் குதிரைக்குக் கொள்ளைக்கூடக் கையளவாகக் குறைத்து, வைக்கோலும் காய்ந்த புல்லும்தான் முதன்மைத் தீனியாக இருக்க வேண்டும்.

தொற்று நோயில் கணக்கு தலைகீழ். கோமாரி வந்தால் மாட்டின் வாயும் குளம்பும் சேர்ந்து புண்ணாகும். சந்தையையே மூட வேண்டி வரும். பிளவுபட்ட குளம்புள்ள பிராணிகளின் நோய் அது, குதிரைக்கு வராது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாடுகளுக்கு ஆண்டுக்கு இருமுறை கோமாரித் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். குதிரைக்கு எமன் வேறு: டெட்டனஸ். மாடு ஓரளவு தாக்குப்பிடிக்கும்; குதிரையைப் போல டெட்டனஸுக்கு எளிதில் பலியாகும் வீட்டுப் பிராணி வேறில்லை. ஷூ கம்பெனிகளும் பட்டறைகளும் நிறைந்த தெருக்களில் ஆணி கிடக்காத இடம் எது? உள்ளங்காலில் ஆணி குத்திய குதிரைக்கு முதலில் டெட்டனஸ் ஊசி. ஆணி எலும்புவரை போயிருந்தால் அதைப் பிடுங்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் என்று அந்த ஆணியே காட்டும். மனிதருக்கு நெடுங்காலம் போட்டுவந்த டெட்டனஸ் எதிர்ச் சீரம் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. நமக்கு மருந்து கொடுத்த பிராணிக்குத் தடுப்பூசி போட மறக்கிறோம்.

குளம்பு அழுகலில் மட்டும் இரண்டுக்கும் ஒரே கிருமி பொறுப்பு, சிகிச்சை வேறு. மாட்டில் அது இரண்டு குளம்புக்கு நடுவில் சதைக்குள் புகுந்து காலை வீங்கவைக்கும். ஊசி மருந்து வேண்டும். குதிரையில் பள்ளத்தைச் சுரண்டித் துப்புரவாக்கி, மயில்துத்தக் கரைசலைப் பஞ்சில் நனைத்து வைத்து, கொட்டிலைக் காய வைத்தாலே பெரும்பாலும் அடங்கும். மூத்திரமும் சாணமும் ஊறிய தரையில் நிற்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்யாது.

இரண்டுக்கும் பொதுவாக நடக்கும் கொடுமை ஒன்று உண்டு: சூடு போடுவது. நொண்டும் மாட்டின் தோள்பட்டையில் கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு பார்க்கிறோம். அதே கம்பி குதிரைக் காலிலும் இறங்குகிறது. இது நம் ஊர் அறியாமை மட்டுமல்ல, பந்தய உலகமும் நூற்றாண்டுகளாகச் செய்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, சூடு தசைநாண் காயத்தை ஆற்றவில்லை என்று காட்டியது. சூட்டுக்குப் பின் குதிரை தேறியதாகத் தோன்றினால், சூட்டுப் புண்ணுக்காகக் கொடுத்த ஓய்வுதான் காரணம். வலி மாத்திரை, ஊசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் போடுவது 2006 முதல் தடை, செத்த பிராணியைத் தின்னும் கழுகுகளை அது அழித்ததால். மாட்டுக்கு மெலோக்சிகாம் போடலாம். குதிரைக்குப் பல காலமாகக் கொடுத்துவரும் ஃபினைல்பியூட்டசோன் வலியை நன்றாக அடக்கும். ஆனால் அளவு மீறினால் கிழக் குதிரைக்குக் குடல் புண், சிறுநீரகக் கேடு. வலி மறைந்ததும் ஊர்வலத்துக்கு ஓட்டிக்கொண்டு போவதற்காக ஊசி போடச் சொல்லும் உரிமையாளரை எந்த மருத்துவரும் மறுத்து அனுப்ப வேண்டும். வயதாலோ நோயாலோ வேலைக்கு லாயக்கற்ற பிராணியை வேலை வாங்குவது 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் அடியில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது; அதை உடலில் தேடக் கூடாது, சந்தையில் தேட வேண்டும். நொண்டி மாட்டுக்கு விலை உண்டு. 1958-இன் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையும், காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டையும் சான்றிதழோடு வெட்ட அனுமதிக்கிறது. அதன் தோல் இதே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் ஏறி, ஷூவாகிக் கப்பலேறும். அதனால் கிழ மாட்டின் காலை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் கலை நம்மிடம் வளரவே இல்லை. வளர வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. விதிவிலக்கு எருது விடும் விழாக் காளை. தை, மாசியில் ஊர் ஊராக ஓடும் அந்தக் காளைகளை மணலில் ஓட்டி, கிணற்றில் நீந்தவிட்டு, உறவு மாதிரி வளர்க்கிறார்கள். ஆனால் அதுவும் இளமைக் காலத்துக் கவனிப்பு.

நொண்டிக் குதிரைக்கு இங்கே விலையே கிடையாது. இறைச்சியை யாரும் தின்பதில்லை. தோலை யாரும் கேட்பதில்லை. குதிரை நன்றாகக் கவனித்தால் இருபத்தைந்து வயதுக்கு மேலும் வாழும். அதாவது பதினைந்து வயதில் நொண்டத் தொடங்கிய குதிரையோடு உரிமையாளருக்கு இன்னும் பத்தாண்டு பாக்கி இருக்கிறது. அந்தப் பத்தாண்டுக்கு ஐந்தாறு வாரத்துக்கொரு லாடக் கூலி, தீனி, தடுப்பூசி, மருத்துவர் செலவு என்று கணக்குப் போடாதவர்கள்தான் கடைசியில் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். உதகை, கொடைக்கானல் தெருக்களில் குப்பை மேய்ந்துகொண்டு திரியும் குதிரைகளில் அப்படி அவிழ்த்துவிடப்பட்டவை உண்டு. தீராத வேதனையில் இருக்கும் குதிரையை மருத்துவர் கையால் வலியில்லாமல் உறங்கவைப்பதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. தெருவில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்த ஆடியில் அந்தியூருக்கோ வேறு சந்தைக்கோ மலிவாகக் கிழக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லையும் சுழியையும் பார்ப்பதற்கு முன்னால் நான்கு காலையும் தூக்கிப் பாருங்கள், கெட்டித் தரையில் ஓடவிட்டுத் தலையைப் பாருங்கள், கணுவில் நாடி பிடியுங்கள். உங்கள் ஊரில் குதிரைக்கு என்றே லாடம் அடிக்கத் தெரிந்தவர் யார், ஆறு வாரத்துக்கொரு முறை வருவாரா என்பதை விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் குதிரை வாங்காதீர்கள். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் இன்று நொண்டலைக் கண்டால் லாடம் கட்டுபவருக்கு முன்னால் 1962-ஐ அழையுங்கள். தமிழக அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான இலவச எண் அது.